சுமை எங்கே தேங்குகிறது?

அத்தியாயம் 7: லோடு பேலன்சர் கோளாறுகளைக் கண்டறிதலும் தீர்த்தலும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் தனி ஆளாகத்தான் இருப்பார். நூற்பாலையின் கணக்கு மென்பொருள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஏற்றுமதியாளரின் ஆர்டர் பக்கம், பால்கோவா கடையின் ஆன்லைன் விற்பனை, கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கம் என எது நின்றாலும் போன் அவருக்குத்தான் வரும். பெருநகர நிறுவனத்தில் நெட்வொர்க்குக்கு ஒருவர், டேட்டாபேஸுக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். இங்கே எல்லாம் ஒரே தலையில். அந்த ஒருவருக்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது இது: லோடு பேலன்சர் சுமையைக் குறைப்பதில்லை, பங்குபோட்டுக் கொடுக்கிறது. பங்கு போன இடத்தில் இடைஞ்சல் இருந்தால் சுமை அங்கேயே தேங்கும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கோரிக்கை எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது?" என்பதே. இதற்கு விடை தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

கோரிக்கை கடக்கும் ஐந்து இடங்கள்

பயனரின் உலாவி டி.என்.எஸ். வழியாக முகவரியைத் தெரிந்துகொள்கிறது. கோரிக்கை இணைய லைன் வழியாக லோடு பேலன்சருக்கு வருகிறது. பேலன்சர் அதைப் பின்னால் இருக்கும் (பேக்எண்ட்) சர்வர்களில் ஒன்றுக்கு அனுப்புகிறது. அந்தச் சர்வர் டேட்டாபேஸைக் கேட்கிறது. டி.என்.எஸ்., லைன், பேலன்சர், ஆப் சர்வர், டேட்டாபேஸ் என்ற இந்த ஐந்தையும் ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொன்றின் ஐ.பி. முகவரி, போர்ட் எண், எந்த அறையில் எந்த ரேக்கில் இருக்கிறது என்பதையும் எழுதி சர்வர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு போன் வந்தால் நினைவாற்றலை நம்பியிருக்கக் கூடாது.

கூடவே ஒரு சூத்திரத்தையும் எழுதி வையுங்கள். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தது அது: அமைப்பின் உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை என்பது, நொடிக்கு வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நொடிக்கு 50 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடிந்தால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவை 10 தான். வருகை ஒன்றுகூட அதிகரிக்காமல், டேட்டாபேஸ் மந்தமாகி ஒவ்வொன்றும் 4 நொடி எடுத்தால் உள்ளே 200 சேர்ந்துவிடும். சைட் திணறியதும் "கூட்டம் அதிகம், இன்னொரு சர்வர் வாங்குவோம்" என்று முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கூட்டம் அப்படியே இருக்க, நேரம் மட்டும் நீண்டிருக்கலாம்.

முதல் பத்து நிமிடம்

ஆலை அலுவலகத்திலிருந்து போன் வருகிறது.

"தம்பி, பில் போட முடியல. ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு."

"அண்ணாச்சி, எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா? உள்ளே நுழையவே முடியலையா, நுழைஞ்ச பிறகு நிக்குதா? எத்தனை மணியிலிருந்து? செல்போன்ல வைஃபையை அணைச்சிட்டுத் திறந்து பாருங்க, வருதா?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வாங்காமல் கணினியைத் தொடாதீர்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவர் மேசையில் இருக்கலாம். செல்போன் டேட்டாவில் வந்து அலுவலக வைஃபையில் வரவில்லை என்றால் உள் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். பக்கம் திறந்து, பில் சேமிக்கும்போது மட்டும் நின்றால் டேட்டாபேஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

அடுத்து இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. சாட்சியம் சேகரியுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சைட் எழுந்துவிடலாம். காரணமும் அதோடு அழிந்துவிடும். டாப், ஃப்ரீ, டிஎஃப், எஸ்எஸ் ஆகிய கட்டளைகளின் வெளியீட்டையும், லாகின் கடைசி ஐந்நூறு வரிகளையும் நேரத்தோடு ஒரு கோப்பில் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்டை முன்கூட்டியே எழுதி எல்லாச் சர்வர்களிலும் வையுங்கள். ஒரு நிமிட வேலைதான். அதன்பிறகு ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் தயங்காமல் செய்யலாம்.

2. கடைசியாக மாறியது என்ன என்று பாருங்கள். புதிய நிரல், புதிய அமைப்பு, அப்டேட், மாற்றிய கேபிள் எதுவாக இருந்தாலும் சரி. மாற்றத்துக்குப் பின் தொடங்கிய கோளாறு என்றால், காரணம் புரியாவிட்டாலும் அந்த மாற்றத்தைத் திருப்பிவிடுங்கள். ஆராய்ச்சி பிறகு.

3. பேலன்சரைத் தாண்டிச் சோதியுங்கள். கர்ல் கட்டளையால் ஒவ்வொரு பேக்எண்ட் சர்வரையும் நேரடியாக, சரியான தளப் பெயரோடு கூப்பிட்டு, பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சர்வரும் உடனே பதில் தந்தால் கோளாறு பேலன்சரில் அல்லது அதற்கு முன்னால். ஒன்று மட்டும் தாமதித்தால் அந்தச் சர்வரில். எல்லாமே தாமதித்தால் அவை பொதுவாகச் சார்ந்திருக்கும் டேட்டாபேஸில் அல்லது பொதுச் சேமிப்பில். இந்த ஒரு சோதனை தேடும் பரப்பைப் பெருமளவு சுருக்கிவிடும்.

பிழை எண்கள் சொல்வது என்ன?

502 என்றால், பேலன்சர் பின்னால் உள்ள சர்வரை அணுகியது, ஆனால் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. சர்வர் நிரல் செத்திருக்கலாம், போர்ட் திறந்திருக்காது, அல்லது பாதியில் இணைப்பு அறுந்திருக்கும்.

503 என்றால், பேலன்சர் மென்பொருள்களில் ஹெச்ஏபிராக்ஸியைப் பொறுத்தவரை, அனுப்புவதற்கு உயிரோடு ஒரு சர்வரும் இல்லை. என்ஜின்எக்ஸில் இதே நிலைமை 502 ஆக வெளிப்படும். எரர் லாகில் "நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்" என்ற வரி இருக்கும்.

504 என்றால், சர்வர் உயிரோடு இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸ் தானாகக் காத்திருக்கும் நேரம் 60 நொடி. இந்தப் பிழையைப் பார்த்ததும் 60-ஐ 300 ஆக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் லிட்டில் சொன்ன கணக்குப்படி உள்ளே தேங்கும் கோரிக்கைகள் ஐந்து மடங்கு வரை பெருகும். தாமதத்தின் காரணத்தைத் தேடுவதே சரி.

499 என்பது என்ஜின்எக்ஸ் லாகில் மட்டும் வரும் எண். பயனர் பொறுக்க முடியாமல் பக்கத்தை மூடிவிட்டார் என்று பொருள். 504 வருவதற்கு முன்பே 499 பெருகத் தொடங்கும். அதை எண்ணிப் பார்ப்பவருக்குக் கோளாறு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எப்போதாவது, ஆயிரத்தில் ஒன்றாக 502 வந்து, தேடினால் எந்தச் சர்வரும் விழுந்திருக்காத நிலை ஒன்று உண்டு. அப்போது கீப்அலைவ் நேரங்களை ஒப்பிடுங்கள். பேக்எண்டில் ஓடும் அப்பாச்சி, சும்மா இருக்கும் இணைப்பைத் தானாக 5 நொடியில் மூடிவிடும். என்ஜின்எக்ஸ் தன் பக்கம் அதே இணைப்பை 60 நொடி வைத்திருக்கப் பார்க்கும். அப்பாச்சி மூடுகிற அதே கணத்தில் என்ஜின்எக்ஸ் கோரிக்கையை அனுப்பினால் 502. பேக்எண்டின் நேரம் எப்போதும் பேலன்சரின் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும், பிரச்சினை நின்றுவிடும்.

பேலன்சரின் அக்சஸ் லாகில் மூன்று விவரங்கள் கட்டாயம் பதிவாக வேண்டும்: எந்த பேக்எண்டுக்குப் போனது, பேக்எண்ட் எடுத்த நேரம், மொத்த நேரம். மொத்த நேரம் நீண்டு, பேக்எண்ட் நேரம் குறைவாக இருந்தால் பயனரின் லைன்தான் மெதுவானது. இரண்டும் நீண்டால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

ஒரு சர்வர் மட்டும் திணறும்போது

நூற்பாலை ஊர்களுக்கே உரிய காரணம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்: பஞ்சு. ஆலைக்குள்ளோ ஆலையை ஒட்டியோ சர்வர் அறை இருந்தால் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி மின்விசிறிகளிலும் ஹீட் சிங்க்கிலும் படிந்து கம்பளிபோல் அடைத்துக்கொள்ளும். சி.பி.யு. சூடாகும். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சர்வர் நிற்காது, பிழைச் செய்தியும் திரையில் வராது. கோடை மதியங்களில் மட்டும் மந்தமாகும்.

இப்போது பேலன்சருக்குப் பின்னால் மூன்று சர்வர்கள் இருந்து, அது ரவுண்டு ராபின் முறையில் இயங்கினால் மூன்றுக்கும் சம பங்கு கொடுத்துக்கொண்டே இருக்கும். சூடேறிய சர்வரின் பங்கு மட்டும் தேங்கும். பயனர்களில் மூன்றில் ஒருவருக்கு மட்டும் தாமதம். அவரே மறுமுறை முயன்றால் வேறு சர்வருக்குப் போய் உடனே கிடைத்துவிடும். "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்ற புகார் வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சென்சார்ஸ் கட்டளையில் வெப்பநிலையைப் பாருங்கள். கர்னல் லாகில் வேகக் குறைப்பு பற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தீர்வு எளிது: சர்வரை அணைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்; அறைக் கதவின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்; காற்று வரும் வழியில் வடிகட்டித் துணி போட்டு, அதை மாற்றும் நாளை நாட்காட்டியில் எழுதுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் கேபிள். வளைந்த, எலி கடித்த, சரியாகக் கிரிம்ப் செய்யாத கேபிளில் கிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எத்டூல் கட்டளை இப்போதைய வேகத்தைக் காட்டும். ஸ்விட்சின் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள்.

குறைந்த இணைப்பு உள்ள சர்வருக்கு அனுப்பும் லீஸ்ட் கனெக்‌ஷன் முறைக்கு மாறினால், மந்தமான சர்வருக்குத் தானாகவே குறைவாகப் போகும். பொதுவாக நல்ல முறைதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு சர்வரில் டேட்டாபேஸ் கடவுச்சொல் தவறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த வேலையும் செய்யாமல் உடனுக்குடன் 500 பிழையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கையில் இணைப்பே தேங்காததால், பேலன்சர் அதைத்தான் ஓய்வாக இருக்கும் சர்வர் என்று நம்பி மேலும் மேலும் அனுப்பும். ஒரே ஒரு கெட்ட சர்வர் பெரும்பான்மைக் கோரிக்கைகளை விழுங்கிவிடும். ஆகவே லீஸ்ட் கனெக்‌ஷன் வைத்தால், 500 பிழைகளைக் கண்டு சர்வரை ஒதுக்கும் ஹெல்த் செக்கையும் சேர்த்தே வையுங்கள்.

பங்கு சமமாக இல்லாதபோது

பயனர் ஒருவர் உள்நுழைந்த விவரத்தை ஒரு சர்வரின் உள்ளூர்க் கோப்பில் வைத்திருந்தால், அவருடைய அடுத்த கோரிக்கை வேறு சர்வருக்குப் போகும்போது "மறுபடி லாகின் செய்யுங்கள்" என்று வந்து நிற்கும். வாங்கிய பொருட்கள் கூடையிலிருந்து காணாமல் போகும். இதைத் தவிர்க்க பலரும் என்ஜின்எக்ஸின் ஐபி ஹேஷ் முறையைப் போடுகிறார்கள். அதன் உட்பொருளைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ஐ.பி. பதிப்பு 4 முகவரியில் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே அந்த முறை கணக்கில் எடுக்கிறது. 192.168.5.10, 192.168.5.200 இரண்டும் அதற்கு ஒன்றே. அலுவலக உள் நெட்வொர்க் முழுவதும் ஒரே வரிசை முகவரி என்றால், ஐம்பது கணினிகளும் ஒரே சர்வரில் போய் விழும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். வெளியிலிருந்து வருபவர்களிலும் இதே சிக்கல் வரும். செல்போன் நிறுவனங்கள் பதிப்பு 4 முகவரிகளின் தட்டுப்பாட்டால் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. செல்போனிலேயே எல்லாம் வாங்கும் வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு ஐபி ஹேஷ் பொருந்தாது. இதே காரணத்தால், ஒரு முகவரிக்கு இவ்வளவு கோரிக்கைதான் என்று கடுமையான வரம்பு வைத்தால் நல்ல வாடிக்கையாளர்கள் கூட்டமாகத் தடுக்கப்படுவார்கள்.

நல்ல தீர்வு, செஷன் விவரத்தை ரெடிஸ் போன்ற பொது இடத்துக்கோ டேட்டாபேஸுக்கோ மாற்றுவது. அப்போது எந்தக் கோரிக்கை எந்தச் சர்வருக்குப் போனாலும் கவலையில்லை. ஒரு சர்வரைப் பழுதுபார்க்க எடுத்தாலும் யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். அது உடனே முடியாது என்றால், குக்கீ வைத்துப் பயனரை ஒரே சர்வரோடு ஒட்டவைக்கும் முறையை ஹெச்ஏபிராக்ஸியில் பயன்படுத்துங்கள்.

ஹெல்த் செக்: அளவோடு ஆழம்

போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஹெல்த் செக், உள்ளே உறைந்துபோன சர்வரையும் நலம் என்றே சொல்லும். மறுபக்கம், டேட்டாபேஸ் வரை போய்ப் பார்க்கும் ஹெல்த் செக் வைத்தால், டேட்டாபேஸ் சில நொடிகள் மந்தமானாலும் எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் "நோயாளி" ஆகி, சைட் முழுதும் 503 ஆகிவிடும். பேலன்சருக்கான ஹெல்த் செக், அந்தச் சர்வர் மட்டும் தனக்குள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். டேட்டாபேஸைத் தனியாகக் கண்காணித்து, கோளாறு என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும்.

ஹெச்ஏபிராக்ஸி தானாக 2 நொடிக்கு ஒருமுறை சோதித்து, மூன்று முறை தொடர்ந்து தவறினால் சர்வரை ஒதுக்கும். இரண்டு முறை தேறினால் திரும்பச் சேர்க்கும். இலவச என்ஜின்எக்ஸ் தானாகப் போய்ச் சோதிப்பதில்லை. உண்மையான கோரிக்கை ஒன்று தோற்றால்தான் அதற்குத் தெரியும். ஒரே தோல்வியில் 10 நொடிக்கு அந்தச் சர்வரை விலக்கிவைக்கும். கூட்ட நேரத்தில் இது மிகவும் பதற்றமான அமைப்பு. தோல்வி எண்ணிக்கையை மூன்றுக்கு உயர்த்தி வையுங்கள்.

சங்கிலித் தொடராக விழும்போது

மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றும் 70 சதவீதச் சுமையில் ஓடுகின்றன. வசதியாகத் தெரியும். ஒன்று விழுந்தால் மீதி இரண்டின் பங்கு ஆளுக்கு 105 சதவீதம். அவையும் விழும். கூகுள் அளவிலேயே இது நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர் 1 அன்று, வழக்கமான பராமரிப்புக்காகச் சில ஜிமெயில் சர்வர்களை நிறுத்தினார்கள். கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ரவுட்டர்களில் சில அதிகச் சுமையில் சிக்கி, "எனக்கு அனுப்பாதே" என்று விலகின. அந்தச் சுமை மற்றவற்றின் மேல் விழ, சில நிமிடங்களில் ஏறத்தாழ எல்லாமே சிக்கிக்கொண்டன. ஜிமெயில் இணையப் பக்கம் சுமார் 100 நிமிடம் முடங்கியது.

இதிலிருந்து நமக்கான விதிகள் மூன்று. ஒன்று, மூன்று சர்வர் இருந்தால் உச்ச நேரத்தில் ஒவ்வொன்றும் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, சர்வர் ஒன்றுக்கு இத்தனை இணைப்புதான் என்று உச்சவரம்பு வையுங்கள். மிஞ்சியவர்களுக்கு "சிறிது நேரம் கழித்து வாருங்கள்" என்ற எளிய பக்கம் போகட்டும். எல்லாரும் நிற்பதைவிடச் சிலர் காத்திருப்பது மேல். மூன்று, மறுமுயற்சிகளை அடக்குங்கள். செயலி மூன்று முறை, பேலன்சர் மூன்று முறை, ஆப் சர்வர் டேட்டாபேஸிடம் மூன்று முறை என்று முயன்றால், ஒரே ஒரு சொடுக்கு டேட்டாபேஸில் 27 கேள்விகளாகப் போய் விழும்.

கண்ணுக்குத் தெரியாத வரம்புகள்

சி.பி.யு. சும்மா இருக்கிறது, நினைவகம் காலியாக இருக்கிறது, ஆனாலும் சைட் திணறுகிறது என்றால் ஏதோ ஒரு எண் வரம்பில் முட்டிக்கொண்டிருக்கிறது.

டேட்டாபேஸ் இணைப்பு: மைஎஸ்கியூஎல் தானாக அனுமதிக்கும் இணைப்புகள் 151, போஸ்ட்கிரெஸ் 100. சர்வர் ஒன்றில் பி.எச்.பி. பணியாளர்கள் 60 என்று வைத்திருந்தால் இரண்டு சர்வருக்கு 120, சிக்கலில்லை. கூட்டத்தைச் சமாளிக்க மூன்றாவது சர்வர் சேர்த்தால் 180. மைஎஸ்கியூஎல் "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்" என்று கதவை மூடும். சர்வரைக் கூட்டியதாலேயே சைட் விழும். எல்லாச் சர்வர்களின் பணியாளர் கூட்டுத்தொகை டேட்டாபேஸ் வரம்பைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சேர்க்கையின்போதும் கணக்குப் போடுங்கள்.

திறந்த கோப்புகள்: லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகள் பல நிறுவல்களில் 1024 தான். பேலன்சர் வழியாகப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டைச் செலவழிக்கும். லாகில் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று வந்தால் இதை உயர்த்துங்கள்.

போர்ட்: பேலன்சர் பேக்எண்டோடு பேச லினக்ஸ் 32768 முதல் 60999 வரையுள்ள போர்ட்களைத் தருகிறது, மொத்தம் 28,232. மூடிய இணைப்பு 60 நொடி டைம்வெயிட் நிலையில் கிடக்கும். ஒரே பேக்எண்டுக்கு நொடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகளைத் தாண்டினால் போர்ட் தீர்ந்துபோகலாம். பேக்எண்ட் இணைப்புகளுக்குக் கீப்அலைவ் போட்டால் ஒரே இணைப்பு பல கோரிக்கைகளைச் சுமந்துவிடும்.

டிஸ்க்: டிஎஃப் கட்டளையில் இடம் இருப்பதாகத் தெரிந்தாலும், ஐநோடு எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். பழைய செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இப்படி ஆகும். அழித்த லாக் கோப்பை நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அழித்தும் இடம் திரும்பாது. அந்த நிரலை ரீலோடு செய்ய வேண்டும்.

நேரம்: ஒரு சர்வரின் லாக் இந்திய நேரத்திலும் இன்னொன்று யு.டி.சி. நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேர இடைவெளியில் ஒரே சம்பவத்தைத் தேடி ஏமாறுவீர்கள். எல்லாச் சர்வர்களிலும் நேரத்தை ஒத்திசைக்கும் கிரோனி ஓடட்டும், ஒரே நேர மண்டலம் இருக்கட்டும்.

சான்றிதழ்: லெட்ஸ் என்கிரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழ் பல ஆண்டுகளாக 90 நாள் ஆயுளோடு வழங்கப்படுகிறது. புதுப்பித்தல் தானாக நடந்தாலும், பேலன்சரை ரீலோடு செய்யாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேலன்சர் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

லைன், மின்சாரம், இரட்டை பேலன்சர்

இரண்டு நிறுவனங்களிடம் இணைய லைன் வாங்கியிருந்தாலும், இரண்டு ஃபைபரும் ஒரே சாலையோரக் குழியில் போனால் ஒரே ஜே.சி.பி. இரண்டையும் அறுத்துவிடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே போகும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் சாலைப் பணி நடக்கும்போதெல்லாம் இந்த ஆபத்து உண்டு. லைன் எந்த வழியாக வருகிறது என்று இரு நிறுவனங்களிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாவது லைனை ஃபைபர் தவிர்த்து செல்போன் கோபுரம் வழியாக எடுப்பது பாதுகாப்பு.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழுவதற்குள் யு.பி.எஸ். கைவிட்டால் எல்லாச் சர்வர்களும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும். டேட்டாபேஸ் எழுவதற்குள் ஆப் சர்வர் எழுந்து, இணைப்பு கிடைக்காமல் பிழையோடு நின்றுவிடும். டேட்டாபேஸ், பிறகு ஆப், கடைசியாக பேலன்சர் என்ற வரிசையை சிஸ்டம்டி அமைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஹெச்ஏபிராக்ஸியின் ஸ்லோ ஸ்டார்ட் வசதி, அது ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்து மீண்டும் எழுந்த சர்வருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றும்.

இரண்டு பேலன்சர்களைக் கீப்அலைவ்டி கொண்டு இணைத்திருந்தால், அவை நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். இடையில் ஸ்விட்சோ ஃபயர்வாலோ அந்தச் செய்தியைத் தடுத்தால், இரண்டுமே "நானே தலைவன்" என்று ஒரே ஐ.பி.யை எடுத்துக்கொள்ளும். சைட் விட்டுவிட்டு வரும். இரு பேலன்சர்களிலும் உள்நுழைந்து அந்த ஐ.பி. ஒன்றில் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டம் வரும் நாளுக்கு முன்

நம் ஊர்களின் பெருங்கூட்டம் நாட்காட்டி பார்த்தே வருகிறது. ஆடிப்பூரத் தேரோட்டம், தீபாவளி, பிளஸ் டூ முடிவு நாள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆன்லைனில் விற்கும் கடைக்கு எந்த வாரத்தில் ஆர்டர் குவியும் என்பது கடைக்காரருக்கே தெரியும். மணியடித்ததும் ஒரே நொடியில் வரும் கூட்டம் இன்னும் கடினம். பொதிகை எக்ஸ்பிரஸில் தட்கல் எடுக்கக் காலை 11 மணிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதைக் கடந்தவர்களுக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது தொடக்கத்தில் தளம் திணறியது. பிறகு சரிசெய்யப்பட்டு அன்றே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்.

அத்தகைய நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இவற்றை முடியுங்கள்.

1. சுமைச் சோதனை: ஜேமீட்டர் போன்ற கருவியால் எதிர்பார்க்கும் கூட்டத்தின் இரண்டு மடங்கைச் செயற்கையாக அனுப்பிப் பாருங்கள். சோதனை நடுவே ஒரு சர்வரை நிறுத்துங்கள்.

2. மாறாத பக்கங்களை கேசில் வையுங்கள். தேர்வு முடிவைப் பதிவெண் வாரியாக முன்பே நிலையான கோப்புகளாக எழுதிவிட்டால் அன்று டேட்டாபேஸைத் தொட வேண்டியதே இல்லை.

3. டி.என்.எஸ். பதிவின் ஆயுளை 300 நொடிக்குக் குறையுங்கள். அவசரத்தில் வேறிடத்துக்கு மாற வேண்டியிருந்தால் பயனர்கள் விரைவில் வந்து சேர்வார்கள்.

4. மூன்று நாள் முன்னிருந்து எந்த மாற்றமும் செய்யாதீர்கள். முதலாளி கேட்டாலும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

5. பேக்அப்பை எடுத்தால் போதாது. வேறொரு கணினியில் திருப்பி ஏற்றிப் பாருங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் தெரிந்த அறிகுறி என்ன, சுமை எந்த இடத்தில் தேங்கியிருந்தது, எதைச் செய்ததும் தீர்ந்தது, திரும்ப வராமலிருக்க என்ன செய்ய வேண்டும். ஆள் பெயர் போட்டுக் குற்றம் சாட்டும் பக்கமாக அதை ஆக்காதீர்கள்; அப்படி ஆக்கினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சுவரில் ஒட்டிய வரைபடத்தையும் அன்றே திருத்துங்கள்.

தனி ஆளாக வேலை பார்ப்பவருக்கு இது கூடுதல் உழைப்பாகத் தோன்றலாம். ஆனால் காய்ச்சலில் படுத்த நாளில், வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போன நாளில், உங்கள் இடத்தில் நிற்கப்போகும் பயிற்சிப் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் குறிப்பேடுதான் துணை. அவர் அதைப் பார்த்து, உங்களை அழைக்காமலே ஒரு சர்வரைப் பேலன்சரிலிருந்து விலக்கிச் சரிசெய்து திரும்பச் சேர்க்க முடியுமா என்று மாதம் ஒருமுறை பகல் வேளையில் செய்ய வைத்துப் பாருங்கள். அவர் தடுமாறும் வரிகளை அங்கேயே திருத்தி எழுதுங்கள். சர்வர்களின் சுமையைப் பங்குபோட்ட நீங்கள், உங்கள் சுமையையும் இப்படித்தான் பங்குபோட வேண்டும்.